சுருட்டு வாசம் அடிச்ச கார்

கருகுத வாசம்னு மொட்டையாச் சொல்லாதிய தம்பி. உள்ள போயி மெக்கானிக் சூசைகிட்ட அப்படிச் சொன்னியன்னா அவன் உங்களை ஏற இறங்கப் பாப்பான். என்ன கருகுது? அதைச் சொல்லணும். சைக்கிள் டயரைக் கொளுத்தின மாதிரி இருந்தா பெல்ட்டு. சாக்கு எரிஞ்ச மாதிரி இருந்தா கிளச்சு. வடைச்சட்டியில எண்ணெய் தீஞ்ச மாதிரின்னா ஆயில் ஒழுகிச் சூட்டுல விழுது. பாகு அடிப்பிடிச்ச மாதிரி லேசா இனிச்சுக்கிட்டு வந்தா ரேடியேட்டர் தண்ணி. வயர் கருகினா சொல்லவே வேண்டாம், மூக்கைப் பிச்சுக்கிட்டுப் போகும், உடனே வண்டியை ஓரங்கட்டி இறங்கிரணும். இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியளா? நான் மெக்கானிக் இல்ல. யூனியன் ஆபீஸ்ல ஓவர்சியரா இருந்து ரிட்டையர் ஆனவன். பேரு கோமதிநாயகம். மூணு மாசமா ஒரு வாசத்துக்குப் பின்னால நாயா அலைஞ்சு படிச்ச படிப்பு இது. உக்காருங்க. உங்க வண்டிக்கு முன்னால என் வண்டிதான் உள்ள நிக்கு. சீட்டு எல்லாத்தையும் கழத்திப் போட்டிருக்கான் சூசை, இப்ப வரமாட்டான்.

என் வண்டியில வந்தது நான் சொன்னதுல எதுவுமே இல்ல. சுருட்டு வாசம். சிரிக்காதிய! எல்லாரும் இந்த எடத்துலதான் சிரிக்கான். எனக்குப் பத்திக்கிட்டு வருது. சுருட்டு வாசம் அடிச்ச காரால ஒரு மனுசன் மானம் மரியாதை போயி, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போயி, பொங்கலுக்கு ஓட்டல் பொங்கல் வாங்கித் தின்னான்னா அதுல சிரிக்கதுக்கு என்ன இருக்கு?

மொதல்ல இருந்து சொல்லுதேன். போன ஆவணியில எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. முப்பத்துநாலு வருசம் சிகரெட் குடிச்ச நெஞ்சு. டாக்டர் என்னைப் பாத்துச் சொல்லல, என் வீட்டுக்காரியைப் பாத்துச் சொன்னாரு. "இனி ஒண்ணு குடிச்சாலும் என்கிட்டக் கூட்டிட்டு வராதீங்கம்மா." உலகம்மாள்னு பேரு, நான் உலகுன்னு கூப்பிடுவேன். அவ ஆஸ்பத்திரியில இருந்து நேரா எங்க தெரு அம்மன் கோயில்ல வண்டியை நிப்பாட்டச் சொன்னா. மக நிக்கா, மருமகன் நிக்காரு. தாம்பாளத்துல சூடத்தை ஏத்தி என் முன்னால நீட்டி, "அணைங்க"ன்னா. சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுதது சும்மா இல்ல, தெரியும்லா? எங்க பக்கத்துல கொலை கேசுல மாட்டினவன்கூட அதுக்குப் பயப்படுவான். நான் உள்ளங்கையை வச்சு அமுக்கி அணைச்சேன். கொப்புளமே வந்துட்டு. இந்தா, இன்னும் தழும்பு கெடக்கு பாருங்க.

இதுக்கு முன்னால சத்தியம் பண்ணினது இல்லையான்னு கேப்பிய. பண்ணியிருக்கேன். அஞ்சாறு தடவை இருக்கும். அதெல்லாம் வாய்ச் சத்தியம் தம்பி. வீட்டுக்குள்ள குடிக்க மாட்டேன்னு சொன்னேன், மாடியில போயிக் குடிச்சேன். மாடி வீட்டுக்கு உள்ளயா? வெளியதான? இன்னொரு தடவை, இனி சிகரெட் வாங்க மாட்டேன்னேன். வாங்கவும் இல்ல. ஆபீஸ்ல ஆள் ஆளுக்குக் கொடுத்தான், குடிச்சேன். அதைப் போயி பொய்யின்னு சொல்லுதா அவ. எப்படிப் பொய்யாகும்? நான் சொன்ன சொல்லை மீறவே இல்லையே! அவளுக்கு அந்த நுணுக்கமெல்லாம் புரியாது.

சரி, சூடத்துக்கு அப்புறம் நான் தொடவே இல்ல. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. வெறி பிடிச்ச மாதிரி இருக்கும். கடலை மிட்டாயா தின்னு தின்னு கடத்தினேன். காலையில அம்பாசமுத்திரம் பக்கத்துல எங்க அக்கா தோட்டத்துக்குக் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வருவேன். செகண்ட் ஹேண்ட் கார்தான், ஆனா பொன்னு மாதிரி வச்சிருந்தேன். ஐப்பசி கடைசியில ஒரு நாளு தோட்டத்துல இருந்து திரும்பி வாரேன். கதவைத் திறந்த உலகு, என் சட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டாந்தா. "என்னங்க, சுருட்டு வாசம் வருது"ன்னா.

நான் என்ன சொல்லுவேன்? "காருக்குள்ள ஏதோ கருகுது உலகு, எனக்கும்தான் வந்துது"ன்னேன். உண்மை! எனக்கும் வந்துது. சேரன்மாதேவி தாண்டினதும் ஏசி வழியா லேசா வந்து, வர வர கூடிப்போச்சு. நான் வண்டியை நிப்பாட்டி பானெட்டைத் திறந்துகூடப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. "கார் சுருட்டு குடிக்குதாக்கும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

ராத்திரி சாப்பாடு போடும்போது அவளே கணக்குப் போட்டுச் சொல்லுதா: "சிகரெட் குடிக்க மாட்டேன்னுதான சூடம் அணைச்சிய. சுருட்டுன்னு சொல்லலியே. அதான் சுருட்டுக்குப் போயாச்சு." எனக்கு வந்துது பாருங்க கோவம்! அந்த மாதிரி ஒரு குறுக்கு யோசனை எனக்குத் தோணவே இல்ல தம்பி, அவளுக்குத் தோணுது. அப்ப யாரு மனசுல கள்ளம்?

வண்டியைத் தூக்கிக்கிட்டுப் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பேரு வேண்டாம். கண்ணாடி ரூம்ல உக்கார வச்சுக் காப்பியெல்லாம் கொடுத்தான். கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்தான். தெருவைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டினான். "ஃபால்ட் ஒண்ணும் காட்டலை சார்"ன்னான். ஏலே, வாசம் கம்ப்யூட்டர்ல எப்படிலே காட்டும்? அரை மணி நேரம் ஓட்டினாத்தான் வரும்னு தொண்டை கிழியச் சொல்லுதேன். டை கட்டின பய ஒருத்தன் பக்கத்துல வந்து, ரொம்பப் பணிவா, "சார், நீங்க ஸ்மோக் பண்ணுவீங்களா? சீட்ல ஊறியிருக்கும்"ங்கான். அங்கேயே அவன் டையைப் பிடிச்சு இழுத்திருப்பேன், நெஞ்சுக்கு ஆகாதுன்னு விட்டுட்டு வந்தேன்.

அடுத்து வண்ணார்பேட்டையில ஒருத்தன். இஞ்சின் மேல்மூடியில பேக்கிங் போயிட்டு, ஆயில் ஒழுகுதுன்னு மாத்தினான். வாசம் போகல. அடுத்து ஒருத்தன் கிளச் தேய்ஞ்சிட்டுன்னான். ஏம்ப்பா, கிளச் கருகினா சாக்கு வாசம்லா வரணும், இது சுருட்டு வாசம்னேன். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி"ன்னான். ஒண்ணாம்! மூக்கைக் கழத்தி வீட்டுல வச்சிட்டு வேலைக்கு வாரானுவ.

உலகையே காருல ஏத்தி, கண்ணு முன்னால காட்டிருவோம்னு கயத்தாறு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனேன். பாதி வழியில வாசம் வந்துது. "பாரு! என் கையி ஸ்டியரிங்ல இருக்கு. வாயில ஏதாவது இருக்கா? பாரு!"ன்னு கத்துதேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "நீங்க தினம் குடிச்ச புகை சீட்டுல ஊறிக் கெடக்கு. சூடு ஏறினதும் கிளம்புது." அந்த டை கட்டின பயலும் இவளும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி. நான் வண்டியைத் திருப்பிக்கிட்டு வாரேன், நெத்தி நரம்பு புடைச்சு நிக்கு. உண்மை பேசுதவனுக்கு இந்த ஊருல மதிப்பு இருக்கா சொல்லுங்க.

இதோட விட்டாளா? மகளுக்குப் போன். மக ஓசூர்ல இருந்து அழுவுதா. "அப்பா, எனக்காகவாவது விட்டிருங்கப்பா." எதைம்மா விட? விட்டாச்சேம்மா! அப்புறம் அவ தம்பிக்குப் போன். என் மச்சினன் சிதம்பரவேல், போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவன். வந்தான். காப்பி குடிச்சான். குடிச்சு முடிச்சிட்டு என் முகத்துக்கு நேரா வந்து நின்னு, "அத்தான், ஒரு தடவை ஊதுங்க"ங்கான்! நடு ரோட்டுல லாரிக்காரனை மறிச்ச மாதிரி! என் வீட்டுல, என் நாற்காலியில உக்காந்திருக்கேன், என்னை ஊதச் சொல்லுதான். நான் ஊதினேனா? ஊதல. ஊதினா ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருக்கும்தான். ஆனா எதுக்கு ஊதணும்? "வெளிய போவே"ன்னேன். உடனே அக்காளும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு.

போகி அன்னைக்கு உலகு பையைத் தூக்கிட்டா. மக வீட்டுக்கு ஓசூர் போறேன்னா. "சூடம் அணைச்ச கையால சுருட்டு பிடிச்ச மனுசன்கூட ஒரு வீட்டுல இருந்து பொங்கல் வைக்க எனக்கு முடியாது. நீங்க செத்துப்போறதைப் பக்கத்துல நின்னு பாக்கவும் முடியாது"ன்னா. நானும் "போ"ன்னேன். போகும்போது என் மாத்திரையை எல்லாம் திங்கள், செவ்வாய்னு பிரிச்சு டப்பாவுல போட்டு, ஒரு மாசத்துக்கு எடுத்து வச்சிட்டுப் போயிருக்கா. சவம், அது ஒரு கோவமா? கோவிச்சா ஒழுங்காக் கோவிக்கணும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வரும்.

பொங்கல் கழிஞ்சுதான் சூசையைப் பாத்தேன். இந்த ஷெட்டைப் பாத்தா யாரும் நம்ப மாட்டான், ஆனா பய வேலைக்காரன். அவன்தான் மொதல் ஆளு, "நீங்க குடிப்பியளா?"ன்னு கேக்காத மொதல் ஆளு. "எப்ப வரும் அண்ணாச்சி? எவ்வளவு தூரம் போனா வரும்? ஏசி போட்டாலா, போடாட்டாலா?"ன்னு கேட்டான். பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "கங்கைகொண்டான் வரைக்கும் ஓட்டுங்க"ன்னான். வாசம் வந்துது. உடனே ஏசியில அந்த லீவர் இருக்குல்லா, வெளிக்காத்தை உள்ள விடுதது, அதை மூடினான். கொஞ்ச நேரத்துல வாசம் குறைஞ்சுது. திறந்தான், வந்துது. மறுபடி மூடினான், போச்சு. "அண்ணாச்சி, சீட்டுல ஊறியிருந்தா மூடின உடனே கூடணும். இது குறையுது. வெளிய இருந்து, முன்பக்கத்துல இருந்து வருது"ன்னான். தம்பி, எனக்கு அழுகை வந்துட்டு. ரோட்டோரம் நிப்பாட்டி அவன் கையைப் பிடிச்சிக்கிட்டேன். மூணு மாசத்துல எனக்குச் சாதகமா ஒரு மனுசன் பேசுதான்!

மறுநாளு இஞ்சின் ஆறினதுக்கு அப்புறம் கழத்தினான். இஞ்சின்ல இருந்து புகைக் குழாய் பொறப்படுத எடத்துல தீயாச் சுடும், அதுக்கு மேல ஒரு தகர மூடி உண்டு. அந்த மூடிக்கு உள்ள கையை விட்டு ஒரு கருப்பு உருண்டையை எடுத்தான். மோந்து பாத்தான். என் கையில கொடுத்தான். நானும் மோந்தேன். புகையிலை! முழுசா எரியாம, சூடு ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக் கருகிக்கிட்டு, மூணு மாசமா என் வண்டி சுருட்டு குடிச்சிருக்கு. தேடிப் பாத்தா இன்னும் மூணு பொட்டலம். பேட்டரி பக்கம் ஒண்ணு, வைப்பருக்கு அடியில ஒண்ணு, லைட்டுக்குப் பின்னால ஒண்ணு. மொதல்ல எடுத்தது எங்கயோ மேல இருந்து நழுவித்தான் குழாய் மேல விழுந்திருக்கு. எல்லாம் வாழை நாருல கட்டியிருக்கு. ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழுத்த முடிச்சு. எங்க வீட்டுச் சாமி படத்துப் பூவுல முப்பது வருசமா நான் பாக்குத முடிச்சு.

வேற யாரு? உலகுதான்! புரட்டாசியில எலி வந்து வயரைக் கடிச்சுப் போட்டுட்டு. பானெட்டுக்குள்ள புகையிலையை வச்சா எலி அண்டாதுன்னு பக்கத்து வீட்டு மதினி சொல்லியிருக்கா. இவ கடையில வாங்கி, பொட்டலம் கட்டி, கார் கழுவ வாரவன்கிட்டக் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கா. அவன் எங்க வச்சான்னு இவளுக்குத் தெரியாது. இஞ்சின்னா சுடும்னும் தெரியாது. வச்சதையே மறந்துட்டா. வச்சவளே என்னை மோந்து பாத்து, வச்சவளே என்னைக் கள்ளனாக்கி, வச்சவளே ரயில் ஏறிப் போயிருக்கா! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? சொன்னாளாம். "நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்திய, சொன்னேன், 'ம்'னிய"ங்கா. நான் எத்தனையோ 'ம்' சொல்லுவேன். அதையெல்லாம் நான் கேட்டுக்கிட்டா சொல்லுதேன்?

போட்டோ எடுத்து எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன். நாலு நிமிசம் பேசி அனுப்பினேன். ஒருத்தரை விடல. மச்சினனுக்குத் தனியா ஒரு நிமிசம். சாயங்காலம் உலகு கூப்பிட்டா. அழுகைதான் வருது. அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துட்டா. வாசல்லயே என் கால்ல விழுந்தா தம்பி. "சூடம் அணைச்ச சத்தியத்தைச் சந்தேகப்பட்டுட்டேனே, பாவி"ங்கா. இந்தக் கையைப் பிடிச்சுத் தழும்பைக் கண்ணுல ஒத்திக்கிடுதா. எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஜெயிச்சாச்சு!

அதோட நிறுத்தியிருக்கலாம். அவ வேண்டிக்கிட்டா. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை, செருப்பில்லாம. சத்தியத்தைச் சந்தேகப்பட்ட குத்தத்துக்குப் பரிகாரமாம். அவளுக்குப் பத்து வருசமா சுகர். பாதத்துல உணர்ச்சியே கிடையாது, முள்ளு குத்தினாத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுத்தான் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. போன வருசம் ஒரு சின்னக் கொப்புளம், ரெண்டு மாசம் ஆறல, விரலை எடுக்கணும்னு பேச்சு வந்து, சாமி புண்ணியத்துல தப்பிச்சா. நான் வேண்டாம்னு சொன்னேன். சொல்லாம இல்ல. ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல. எதுக்குச் சொல்லணும்? என்னை எத்தனை பேர் முன்னால தலைகுனிய வச்சா? கொஞ்சம் நடக்கட்டும், அப்பத்தான் உறைக்கும்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில நாலரை மணிக்குத் தெருப் பொம்பளைகளோட கிளம்பிட்டா. மத்தியானம் நான் ஸ்ரீவைகுண்டத்துல மோரும் சாப்பாடும் கொண்டுபோயிக் கொடுக்கணும். அதுக்குள்ள சீட்டைக் கழுவி மாட்டித் தாரேன்னிருக்கான் சூசை. சீட்டு எதுக்குக் கழுவணும்ங்கியளா? அவ சொன்னா. "அந்தப் பழைய வாசம் இன்னும் சீட்டுலயும் உங்க சட்டையிலயும் ஊறிக் கெடக்கு, பாவம், கழுவிப் போட்டிருங்க"ன்னா.

இந்தா, சூசை வாரான். என்னப்பா, முடிஞ்சுதா?

என்னது?

டிரைவர் சீட்டுக்கு அடியிலயா?

கொடு. கொடுத்துட்டு நீ போ. அப்படிப் பாக்காத. போய்யா, போயி வேலையைப் பாரு!

...ஆமா தம்பி. சிகரெட் துண்டுதான். என்ன அப்படிப் பாக்கிய? ஆமா, குடிச்சேன். அவ ரயில் ஏறினா பாருங்க, அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல ஒண்ணு வாங்கிப் பத்த வச்சேன். எப்படியும் குடிக்கான்னு பேராச்சு, குடிச்சவன்னு பேரு வாங்கினதுக்கு ஒண்ணாவது குடிச்சிட்டுப் போவோம்னு குடிச்சேன். கோவத்துல குடிச்சது. அந்தக் கோவத்தை யாரு உண்டாக்கினா? பொங்கல் அன்னைக்கு ரெண்டு. அதுக்கப்புறம் எண்ணல. அவ திரும்பி வந்து கால்ல விழுந்தாள்னு சொன்னேம்லா? அப்ப என் சட்டைப் பையில ரெண்டு சிகரெட் இருந்துது. குனிஞ்சு தூக்கிவிட்டா வெளிய விழுந்திரும்னு நான் குனியவே இல்ல. அவளே எழுந்திரிச்சா. இப்பவும் காருக்குள்ளதான் குடிக்கேன். அவ மோந்து பாத்து, "பழைய வாசம் போகவே மாட்டேங்குது, பாவம்"ங்கா. யாரு பாவம்? எனக்கு மண்டை வெடிக்குது தம்பி!

சூசை என்ன சொன்னான் கேட்டியளா? என்னை ஒண்ணுமே சொல்லல. "அக்கா செருப்பில்லாம போறாகளே அண்ணாச்சி"ன்னான். அது மட்டும்தான் சொன்னான். அவனுக்கு என்ன? மெக்கானிக்னா இஞ்சினைப் பாக்கணும். என் வீட்டு விவகாரத்துல இவன் யாரு? யாரு இவன்? நான் அவளைப் போகச் சொன்னேனா? வேண்டாம்னுதான சொன்னேன்! ஒரு தடவை சொன்னேனே!

மணி என்ன? பதினொண்ணரையா? வெயிலைப் பாருங்க. தாரு இந்நேரம் கொதிக்கும். கருங்குளம் தாண்டியிருப்பா.

இருங்க. போன் போடுதேன். இல்ல, இருங்க, நீங்க எந்திரிக்காதிய, நீங்க இருந்தாத்தான் நான் பேசுவேன்.

உலகு? நான்தான். எங்க போயிக்கிட்டு இருக்க? சரி. செருப்பு வச்சிருக்கியா? யாரு கிட்டயாவது ஒரு செருப்பு வாங்கிப் போடு. மொதல்ல போடு, அப்புறம் பேசு. ஏளா, சொல்லுததைக் கேளு. நான் சிகரெட் குடிச்சேன். சுருட்டு இல்ல, சிகரெட்டு. ஆமா, சூடம் அணைச்சதுக்கு அப்புறம்தான். நீ ஓசூர் போன அன்னைல இருந்து. இன்னைக்குக் காலையிலகூட, உன்னை வழியனுப்பிட்டு வந்து குடிச்சேன். எதுக்குச் சிரிக்க? ஏட்டி, எதுக்குச் சிரிக்க? நான் சத்தியமாச் சொல்லுதேன்! உலகு! உலகு, நில்லு. ஒரு நிமிசம் நில்லுளா. ஹலோ? ஹலோ!

வச்சிட்டா.

சிரிக்கா தம்பி. "நான் நடக்கது பொறுக்காம, என்னை வண்டியில ஏத்துததுக்கு உங்க தலையில நீங்களே பழியைப் போட்டுக்கிடுதியளாக்கும்"ங்கா. "எனக்கு ஒண்ணும் சுடல, காலே தெரியல, நல்லாத்தான் நடக்கேன்"ங்கா. "இனிமே உங்களைப் பத்தி யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன், நீங்களே சொன்னாலும் நம்ப மாட்டேன்"னுட்டா. கோட்டிக்காரி! முப்பது வருசமா நான் சொன்ன அத்தனை பொய்யையும் கண்டுபிடிச்சவ, இன்னைக்கு, இன்னைக்குத்தான் ஒரு உண்மையைச் சொல்லுதேன், நம்ப மாட்டேங்கா!

பின்னால பொம்பளைக எல்லாம் அரோகரா போட்டுக்கிட்டு வார சத்தம் கேட்டுது. நில்லுன்னு எத்தனை தடவை சொன்னேன், நீங்களும் கேட்டியள்லா? அவ நிக்கவே இல்ல தம்பி. நடந்துக்கிட்டேதான் பேசினா.